உறங்க விட்டால் பூக்கும்

காட்டுப்பூ, ஆர்க்கிட், கள்ளி: மூன்றையும் வீட்டில் மலரப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எப்போது தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை.

தை முடியும்போது செங்காந்தள் கொடி காயத் தொடங்கும். இலை நுனி மஞ்சளாகும், தண்டு பழுப்பாகும், ஒரு காற்றில் மொத்தமும் ஒடிந்து தொட்டிக்கு வெளியே சாயும். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அன்றைக்கே தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். ‘செத்துப்போச்சு’ என்று மண்ணைக் கொட்டி, அதே தொட்டியில் தக்காளி நாற்று வைத்துவிடுவார்கள். கொட்டிய மண்ணுக்குள் உழுகலப்பை போல வளைந்த ஒரு கிழங்கு உயிரோடு கிடக்கும். ஆடியில் மழை வாடை பட்டதும் முளைத்திருக்க வேண்டியது அது. ஐந்து மாதம் யாரும் அதைத் தொடாமல் இருந்திருந்தால் போதும்.

நம் ஊரில் பூச்செடி பற்றிய பேச்செல்லாம் தண்ணீரையும் உரத்தையும் சுற்றியே நடக்கிறது. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் அந்தப் பேச்சு பொருந்தும். அவை தலைமுறை தலைமுறையாக மனிதக் கையில் வளர்ந்தவை. காட்டில் தானாக மலரும் செடிக்கு வேறு கணக்கு. மழை வரும், நிற்கும், பல மாதம் வராது. அந்த வறண்ட மாதங்களைத் தாங்குவதற்காகத்தான் காந்தள் கிழங்குக்குள் போகிறது, ஆர்க்கிட் தண்டைத் தடிக்க வைத்துக்கொள்கிறது, கள்ளி உடம்பையே தண்ணீர்ப் பையாக்கிக்கொள்கிறது. ஓய்வு முடிந்து எழும்போது வருவதுதான் பூ. ஓய்வைக் கெடுத்துவிட்டுப் பூவை எதிர்பார்த்தால் பச்சை இலை மட்டுமே கிடைக்கும். பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் ‘நல்லா வளருது, பூக்க மாட்டேங்குது’ என்று சொல்லப்படும் செடிகள் இப்படித்தான் நிற்கின்றன.

வேலியோரத்துக் குடும்பம்

காட்டுப்பூ என்று கண்ணில் படுவதெல்லாம் நம் மண்ணின் பூ அல்ல. சாலையோரம் நிறைந்து கிடக்கும் கிணற்றுப்பாசான் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. குட்டிக் குட்டிக் கொத்துகளாக ஆரஞ்சும் மஞ்சளும் பூக்கும் உண்ணிச்செடியும் அங்கிருந்துதான் வந்தது. அதை அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். இன்று முதுமலைக் காட்டில் மானுக்குப் புல் முளைக்க வேண்டிய இடத்தை அது அடைத்து நிற்கிறது. வீட்டு வாசலில் வெள்ளையும் ரோஸுமாகப் பூத்துக்கொண்டே இருக்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கர்க்காரி. அவள் உண்ணிச்செடி போலக் காட்டை அடைப்பதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். உண்ணிச்செடியை மட்டும் தயவுசெய்து தொட்டியில்கூட வளர்க்காதீர்கள். அதன் பழத்தைப் பறவைகள் எடுத்துப் போகும் தூரம் நம் கையில் இல்லை.

நம் மண்ணின் பூக்களில் வீட்டில் வளர்க்க முதலிடம் நான் செங்காந்தளுக்கே தருவேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களில் முதலில் வருவதும் அதுதான், தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுதான். ஆனால் நான் அதை முதலில் வைப்பதற்குக் காரணம் வேறு. பூ மலர்ந்து வாடும் வரை அது ஒரே நிறத்தில் இருப்பதில்லை. மொட்டு பச்சையாகத் தலை கவிழ்ந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கும். அடி மஞ்சளும் நுனி சிவப்புமாக இரண்டொரு நாள் நிற்கும். பிறகு மஞ்சளைச் சிவப்பு மெல்ல விழுங்கும். ஒரே கொடியில் பச்சை மொட்டு, மஞ்சள் பூ, பாதி எரிந்த பூ, முழுச் சிவப்பு எல்லாம் ஒன்றாக இருக்கும். சூலகத் தண்டு நேராக நீளாமல் பக்கவாட்டில் மடங்கித் தன் மகரந்தத்தை விட்டு விலகிப் போவதை அருகில் நின்று பார்க்கலாம். தன் பூவின் மகரந்தம் தன் மேலேயே விழாமலிருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடுவதால் கொடிக்குத் தனியாகக் கட்டு வேண்டாம். ஜன்னல் கம்பியோ, நாலு மூங்கில் குச்சியோ போதும்.

விவசாயிகளுக்கு இது கண்வலிக்கிழங்கு. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கீல்வாத மருந்தாகிறது. பூச்சிகளை மட்டும் நம்பினால் காய் குறையும் என்பதால் காலையில் ஆட்கள் வயலில் இறங்கிப் பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைப்பார்கள். வீட்டிலும் ஒரு மெல்லிய தூரிகையால் அதைச் செய்து பார்க்கலாம். அதே கோல்சிசின்தான் இந்தச் செடியின் ஆபத்தும். கிழங்கு, விதை, இலை எல்லாமே நஞ்சு. உயிரைக் குடிக்கிற நஞ்சு. தவழும் குழந்தையோ செடி கடிக்கும் நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் காந்தள் வேண்டாம். மற்ற வீடுகளிலும் கிழங்கைத் தொடக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தொட்ட கையைக் கழுவுங்கள், தொட்டியில் பெயர் எழுதி வையுங்கள். கிழங்கை சர்க்கரைவள்ளியோடு ஒரே கூடையில் ஒருபோதும் போடாதீர்கள்.

நடுவது எளிது. ஆனி, ஆடியில் ஒரு சாண் ஆழமாவது உள்ள தொட்டி. மண்ணில் பாதி மணல். கிழங்கைப் படுக்க வைத்து நாலு விரல் ஆழத்தில் மூடுவது. முளை வரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது ஒடிந்தால் அந்த ஆண்டு போய்விடும். முளைத்த பிறகு தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். இரண்டு மாதத்தில் மொட்டு. காய் முற்றிக் கொடி காய்ந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்திவிட்டுத் தொட்டியை மழை படாத மூலைக்குத் தள்ளிவிட வேண்டும். பழைய கிழங்கு வற்றி அதனிடத்தில் புதுக் கிழங்கு உருவாகியிருக்கும். விதையிலிருந்து வளர்த்தால் பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

காந்தளின் ஆரவாரம் வேண்டாம் என்பவர்களுக்கு ஆவாரை இருக்கிறது. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்து வாசலில் செருகுவார்களே, அதே பூ. ஆவாரையைப் பிடுங்கி வந்து நட்டால் பிழைப்பது அரிது, ஆணிவேர் ஆழமாகப் போகும் செடி. விதையைச் சுடுதண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து, நிரந்தரமாக இருக்கப்போகிற பெரிய தொட்டியிலோ தரையிலோ நேராக ஊன்றிவிட வேண்டும். தும்பைக்கு அதுகூடத் தேவையில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் காய்ந்த தும்பைத் தலை ஒன்றைத் தொட்டி மண்ணில் உதறினால் போதும். வெள்ளை வெளேரென்று பூத்ததும் பட்டாம்பூச்சிகளும் தேனீக்களும் தேன் குடிக்க வந்துவிடும். விஷ்ணுகிரந்தியின் நீலம் கடுகளவுக்குக் கொஞ்சம் பெரியதுதான். தரையோடு படரும் செடி, காலையில் விரிந்து பிற்பகலுக்குள் மூடிக்கொள்ளும். அலுவலகம் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர் அதைப் பார்க்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கான பூ அது.

இடம் உள்ள வீட்டுக்காரர்கள் ஒரு எருக்கையும் விட்டு வைக்கலாம். அதன் இலையைத் தின்றுதான் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு வளர்கிறது. இலை ஓட்டை விழுந்தால் மருந்து அடிக்காதீர்கள். ஓட்டை போட்டவர்தான் இரண்டு வாரம் கழித்து ஆரஞ்சுச் சிறகோடு பறக்கப்போகிறவர்.

நீலக்குறிஞ்சியை வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அந்தச் செடிக்கு மலையுச்சிப் புல்வெளியின் குளிர் வேண்டும். மூணாறில் 2018-இல் மலர்ந்தது, அடுத்தது 2030. அதை அங்கேயே போய்ப் பார்ப்பதுதான் மரியாதை. அதன் குடும்பத்துக்காரர்கள் இரண்டு பேர் சமவெளியில் நம்மோடுதான் இருக்கிறார்கள்: கனகாம்பரமும் டிசம்பர் பூவும். கனகாம்பரம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் பிறப்பிடமாகக் கொண்ட செடி. முற்றிய கதிரில் தண்ணீர் பட்டால் காய்கள் படபடவென்று வெடித்து விதையைத் தூர எறியும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய வேடிக்கை. டிசம்பர் பூவோ பகல் குறுகும்போதுதான் மொட்டு வைக்கும். அதனால்தான் மார்கழிப் பின்னலில் மட்டும் அந்த ஊதா. மாசியில் பூ முடிந்ததும் பாதிக்கு வெட்டிவிட்டு, கோடையில் உயிர் வைத்திருக்கும் அளவு ஈரம் காட்டினால் அடுத்த ஆண்டு புதராக நிற்கும்.

மாமரத்தில் இருப்பது புல்லுருவி அல்ல

கிராமத்துத் தோப்புகளில் பழைய மாமரக் கிளையில் வெள்ளை வேர்கள் தொங்க, வார் போன்ற தடித்த இலைகளோடு ஒரு செடி ஒட்டிக்கொண்டிருக்கும். புல்லுருவி என்று நினைத்து வெட்டி எறிந்துவிடுகிறார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சுவது. இது அப்படியல்ல. மரத்திடம் இது கேட்பது நிற்க ஓர் இடம் மட்டும். மழைத் தண்ணீரும் காற்றும் இலைச் சருகின் சத்துமே இதன் உணவு. பல தோப்புகளில் இப்படி இருப்பது வாண்டா டெசலேட்டா என்ற ஆர்க்கிட். மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ், நீலம் கலந்த உதடு, அருகில் போனால் இதமான வாசனை. நம் சமவெளியின் வெயிலையும் புழுக்கத்தையும் தாங்கும் ஆர்க்கிட் நம்மிடமே இருக்கிறது என்பது பலருக்குச் செய்தியாக இருக்கும்.

உங்கள் சொந்தத் தோப்பில் அப்படி ஒன்று இருந்தால் உங்களைவிடக் கொடுத்து வைத்தவர் இல்லை. எதுவும் செய்யாதீர்கள். மரத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து அதன் மேல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். காற்றில் கிளை ஒடிந்து செடியோடு தரையில் விழுந்தால் மட்டும் அதை எடுத்து, பட்டை சொரசொரப்பான இன்னொரு மரத்தில் தென்னங்கயிற்றாலோ கிழிந்த பருத்தி வேட்டித் துணியாலோ கட்டிவிடலாம். மழைக்காலத் தொடக்கம் அதற்கு நல்ல நேரம். துணி மக்கிப் போவதற்குள் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்ளும்.

கடையில் வாங்குகிறவர்கள் எதை வாங்குவது? சூப்பர் மார்க்கெட்டிலும் பரிசுப்பொருள் கடையிலும் வெள்ளையும் ஊதாவுமாக வளைந்து நிற்பது பெலனாப்ஸிஸ். அந்த அழகில் மயங்காதவர் இல்லை. ஆனால் புதுப் பூந்தண்டு விட அதற்குச் சில வாரங்களாவது குளிர்ச்சி வேண்டும். பகலில் 28 டிகிரிக்கு மேல் ஏறிக்கொண்டே இருந்தால் இலை மட்டும் விடும். ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டியில் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். சென்னையிலும் மதுரையிலும் அது வாங்கிய பூவோடு முடிந்துபோகிற உறவு. சமவெளிக்காரர்களுக்கு டென்ட்ரோபியம் கலப்பினங்களும் வாண்டாவும்தான் சரி. தாய்லாந்திலிருந்து வரும் இந்த டென்ட்ரோபியங்களுக்கு நம் வெயில் புதிதல்ல. பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலை, காற்றோட்டம், கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் ஓட்டுச் சில்லும் நிரப்பிய துளைத் தொட்டி, இவ்வளவுதான். மண் ஒரு பிடிகூட வேண்டாம். மண்ணில் நட்ட ஆர்க்கிட் வேர் மூச்சுமுட்டி அழுகும்.

ஆர்க்கிட் வேரைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மரத்தில் தொற்றும் ஆர்க்கிட்களின் வேருக்கு மேலே பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு. காய்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறத்தில் இருக்கும். நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சை தெரியும். தண்ணீர் தெளித்து வேர் பச்சையானால் நிறுத்திவிடலாம். அடுத்து வெள்ளியாகும் வரை தொடக் கூடாது. இது தெரிந்துவிட்டால் ‘வாரத்துக்கு எத்தனை முறை’ என்ற கேள்வியே எழாது. எந்தத் தண்ணீர் என்ற கேள்விதான் நம் ஊரில் பெரியது. உப்பேறிய போர்வெல் தண்ணீர் வேர் நுனியைக் கருக்கிவிடும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம். சிக்கனம் என்று அதை ஆர்க்கிட்டுக்கு ஊற்றக் கூடாது. மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஒரு டிரம் நிறைய இருந்தால் நாலைந்து தொட்டிக்கு நீண்ட நாள் வரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் டென்ட்ரோபியம் ஓவேட்டம் என்ற சின்ன ஆர்க்கிட்தான் ஓய்வின் பொருளை எனக்கு முழுசாக விளங்க வைத்தது. மழை முடிந்ததும் இலை அத்தனையும் உதிர்த்துவிடும். மரக்கிளையில் நாலைந்து காய்ந்த குச்சிகள் ஒட்டியிருப்பதாகத்தான் தோன்றும். பனிக்காலத்தில் அந்த மொட்டைக் குச்சிகளில் வெளிர்மஞ்சள் பூக்கள் வரிசை பிடிக்கும். தண்டுக்குள் சேர்த்து வைத்த நீரும் சத்தும்தான் அந்தப் பூ. இலை உதிர்ந்த செடியைப் பார்த்துப் பதறித் தண்ணீர் ஊற்றினால் பூ வர வேண்டிய கணுவில் குட்டிச் செடி முளைக்கும். கடையில் வாங்கும் கலப்பினங்களுக்கு இவ்வளவு கடுமையான ஓய்வு தேவையில்லை. ஆனாலும் புதுத் தண்டு முற்றி நின்ற பிறகு தண்ணீரைப் பாதியாகக் குறைத்து உரத்தை நிறுத்தினால் பூந்தண்டு வருவதைப் பார்க்கலாம்.

சித்திரை, வைகாசியில் பூக்கும் நரிவால் ஆர்க்கிட்டையும் சொல்லாமல் விட முடியாது. வெள்ளையில் ஊதாப் புள்ளி தெளித்த நூற்றுக்கும் அதிகமான சிறு பூக்கள் ஒரே சரமாகத் தொங்கும். அசாமில் பிஹு ஆடும் பெண்கள் கொண்டையில் சூடுவது இதைத்தான். அசாமுக்கும் அருணாசலப் பிரதேசத்துக்கும் மாநில மலர். நம் மலைகளிலும் இயல்பாகவே வளர்கிறது.

‘நம் மலைகளில் வளர்கிறது’ என்றதும் ஒரு செடி எடுத்து வந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. கூடாது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிளைத் துண்டைக்கூட எடுப்பது குற்றம். குற்றம் என்பதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. அகத்தியமலையில் மட்டும் வளரும் மஞ்சள் நிற ‘பேபியோபெடிலம் ட்ரூரி’ என்ற ஆர்க்கிட் 1865-இல் கண்டறியப்பட்டது. தென்னிந்தியாவின் ஒரே செருப்பு வடிவ ஆர்க்கிட் அதுதான். கண்டதிலிருந்து சேகரிப்பாளர்கள் மூட்டை மூட்டையாகப் பெயர்த்தார்கள். இன்று அது காட்டில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. காட்டுத் தீயும் காரணம்தான். ஆனால் மூல காரணம் அதை அழகாக நினைத்தவர்களின் கை. பூவை நேசிக்கிறவர்களால்தான் ஒரு பூ இல்லாமல் போகிறது என்றால் அந்த வேதனையை நாம் சும்மா கடந்துபோக முடியாது.

காட்டு ஆர்க்கிட் ஒன்றைப் பெயர்த்தால் ஏன் அந்த இடம் நிரம்புவதில்லை? ஒரு காயில் பல்லாயிரம் விதை இருக்கும், சில இனங்களில் லட்சக்கணக்கில். தூசி மாதிரி காற்றில் பறக்கும். ஆனால் அந்த விதைக்குள் முளைக்கு உணவே கிடையாது. குறிப்பிட்ட ஒரு பூஞ்சை வந்து சேர்ந்து ஊட்டினால்தான் முளைக்கும். கோடி விதையில் ஒன்றிரண்டுக்கு அந்தத் துணை கிடைக்கும். 1922-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்ஸன் சர்க்கரை கலந்த அகர் கூழில் பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்க வைத்துக் காட்டினார். 1960-இல் பிரான்ஸின் ழார்ழ் மொரேல் தண்டு நுனித் திசுவிலிருந்து செடிகளைப் பெருக்கும் வழியைத் திறந்தார். ஒரு காலத்தில் கோமான்களின் கண்ணாடி வீட்டுக்குள் மட்டும் இருந்த செடி இன்று சில நூறு ரூபாய்க்கு நர்சரியில் கிடைப்பது அந்த இருவர் போட்ட பாதையால்தான். அதனால் வாங்கும்போது ஆய்வகத்தில் வளர்த்ததா என்று கேளுங்கள். தொட்டி நிறைய ஒரே அளவுக் கன்றுகள் இருந்தால் அது ஆய்வகச் செடி. பட்டைத் துண்டும் பாசியும் ஒட்டிய, இலை கிழிந்த, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் உள்ள செடிகளை ஒருவர் சாலையோரத்தில் விற்றால் அவை மலையிலிருந்து பெயர்த்தவை. இரக்கப்பட்டு வாங்கினாலும் அடுத்த மூட்டைக்கு நாம்தான் பணம் கொடுக்கிறோம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், கள்ளிக் குடும்பத்தில் ஏறக்குறைய முழுவதும் ‘சைட்ஸ்’ என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கின்றன.

நம் மலை ஆர்க்கிட்களைக் காண ஆசைப்பட்டால் ஏற்காட்டுக்குப் போகலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963-லிருந்து அங்கே இருக்கிறது. படகு இல்லத்தோடு திரும்பிவிடும் சுற்றுலாக்காரர்களில் பாதிப்பேர் அங்கே வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கடல் கடந்து வந்த கள்ளி

நாட்டுக் கள்ளி என்று நாம் சொல்லும் சதுரக்கள்ளியும் இலைக்கள்ளியும் தாவரவியலில் கள்ளிக் குடும்பமே அல்ல. கீறினால் பால் வரும், அதுவே அடையாளம். உண்மையான கள்ளியில் முள் ஒவ்வொன்றும் பஞ்சு போன்ற ஒரு சிறு திட்டிலிருந்து கிளம்பும், கீறினால் பெரும்பாலும் தண்ணீர்ச் சாறுதான் வரும். அந்தக் குடும்பம் மொத்தமும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: மரக்கிளையிலிருந்து பச்சை நூலாகத் தொங்கும் ரிப்ஸாலிஸ், ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயல்பாக இருக்கிறது.

அப்படியானால் நம் கரிசல் காட்டு வரப்புகளில் மஞ்சளாகப் பூக்கும் சப்பாத்திக்கள்ளி? அதற்குச் சென்னையோடு தொடர்புள்ள ஒரு கதை உண்டு. மெக்ஸிகோவில் சப்பாத்திக்கள்ளியில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து கருஞ்சிவப்புச் சாயம் எடுத்து ஸ்பெயின்காரர்கள் பணம் குவித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அந்த ஆசை வந்தது. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் ‘நோபால்ரி’ என்று ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். 1795-இல் கேப்டன் நீல்சன் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது நல்ல சாயம் தரும் இனம் அல்ல, காட்டு இனம். சாயத் தொழில் கரைந்தது. பூச்சியோ ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. இன்னொரு வகைக் கள்ளி பெருகித் தென்னிந்திய மேய்ச்சல் நிலங்களை அடைத்தபோது, 1926-இல் அதைத் தின்னும் வேறொரு பூச்சி இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்டது. அதன் பிறகே அது அடங்கியது. இன்று மிஞ்சியிருக்கும் சப்பாத்திக்கள்ளியின் பூவில் தேனீ மொய்ப்பதும், கிராமத்துப் பிள்ளைகள் அதன் சிவப்புப் பழத்தை முள் நீக்கித் தின்று நாக்கைச் சிவப்பாக்கிக்கொள்வதும் அந்தக் கதையின் மிச்சம். அழகுதான். ஆனாலும் வேலிக்கு வெளியே நட வேண்டாம்.

கள்ளி போலவே இருக்கும் நம் மண்ணின் செடி வேண்டுமா? கள்ளிமுளையானைத் தேடுங்கள். நாலு பட்டைத் தண்டு, முள் இல்லை, பால் இல்லை. எருக்கின் குடும்பம். வறண்ட கரட்டு நிலத்தில் முட்புதர் நிழலில் வளரும், பசிக்குத் தின்ற தலைமுறைகள் உண்டு. தண்டு நுனியில் கருஞ்சிவப்பு நட்சத்திரங்களாகப் பூக்கும். நாற்றமடிக்கும், அதுவும் உண்மை. ஈக்களை அழைக்கத்தான் அந்த வாடை. ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மகரந்தச் சேர்க்கை நடந்துவிட்டால் இரட்டைக் கொம்பு மாதிரி காய் வரும். வெடித்தால் பட்டு நூல் கட்டிய விதை பறக்கும்.

தொட்டிக் கள்ளி வாங்கும்போது இரண்டு ஏமாற்றுகளைக் கவனியுங்கள். உச்சியில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பந்து உட்கார்ந்திருந்தால் அது பூ அல்ல. பச்சையம் இல்லாத ஒரு கள்ளியை இன்னொரு கள்ளியின் மேல் ஒட்டுக் கட்டியது. பச்சையம் இல்லாததால் தனியாக வாழாது, ஒட்டும் நெடுநாள் நிற்காது. இரண்டாவது, காகிதம் போல் சலசலக்கும் வண்ணப் பூ. காய்ந்த வேறு பூவைச் சூடான பசையால் கள்ளியின் தலையில் ஒட்டி ‘பூத்த கள்ளி’ என்று விற்கிறார்கள். உயிருள்ள செடியின் வளரும் நுனியில் கொதிக்கும் பசையை ஊற்றுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

நம் சமவெளியில் பூக்க மாமிலேரியா, ஜிம்னோகேலிசியம், ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆகியவை நல்ல தொடக்கம். மாமிலேரியா தலையைச் சுற்றிக் கிரீடமாகப் பூக்கும். சுடுமண் தொட்டி, சலித்த செங்கல் சில்லு பாதி, மீதியில் மணலும் கொஞ்சம் மக்கிய எருவும். நாளுக்கு நாலைந்து மணி நேர வெயில். மார்கழியும் தையும் இவற்றின் ஓய்வு மாதங்கள். அப்போது தண்ணீர் சொட்டுக்கூட வேண்டாம், உடம்பு சற்றுச் சுருங்கினாலும் பயப்பட வேண்டாம். மாசியில் முதல் தண்ணீர் காட்டினால் பங்குனியில் முள்ளுக்கு நடுவே மொட்டு தெரியும். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றும் பாசம் கள்ளியை உருண்டையாக வளர்க்கும், பூக்க விடாது, கடைசியில் அடியில் அழுக வைக்கும்.

இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பது நிஷாகந்தி. பல வீடுகளில் இதை பிரம்ம கமலம் என்கிறார்கள். இமயமலையின் உண்மையான பிரம்ம கமலம் வேறு, அது உத்தராகண்டின் மாநில மலர். நம் வீட்டு நிஷாகந்தி மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளின் மரக்கிளையில் ஆர்க்கிட்டோடு பக்கத்துப் பக்கத்தில் வாழும் கள்ளி. பாலைவனக் கள்ளி என்று நினைத்து வெயிலில் வைத்தால் மஞ்சளடித்துப் போகும். நிழலும் சருகு மண்ணும் கேட்கும். இலை என்று நாம் நினைப்பது தட்டையான தண்டு. அதில் ஒரு துண்டை ஊன்றினாலே செடி. மழைக்காலத்தில் தண்டின் ஓரத்திலிருந்து மொட்டு தொங்கி, பிறகு கழுத்தை மேலே வளைக்கும். அப்படி வளைந்து பருத்த நாளின் இரவு எட்டு மணி வாக்கில் இதழ் நெகிழத் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பூவுக்குள் அனந்தசயனப் பெருமாள் தெரிகிறார் என்று கற்பூரம் காட்டும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. நள்ளிரவில் உள்ளங்கையைவிடப் பெரிதாக விரிந்து வீடு முழுக்க மணக்கும், விடிவதற்குள் தொய்ந்துவிடும். மறுநாள் தேர்வு எழுதும் பிள்ளையைக்கூட அன்று அரைமணி நேரம் விழித்திருக்க விடுவதில் தவறில்லை.

ஆர்க்கிட் பலவற்றுக்கும் கள்ளிக்கும் பொதுவான இன்னொன்று: இவை இலைத்துளையைப் பகலில் மூடி, இரவில் திறந்து காற்றை உள்ளே வாங்குகின்றன. பகல் வெயிலில் நீர் ஆவியாகாமலிருக்க அந்த வழி. அதனால் இரவும் புழுக்கமாக அடைபட்டிருக்கும் பால்கனியில் இவை திணறும். துணி காயப் போட்டு மூடிவிடாமல் ஒரு பக்கமாவது காற்று வர விடுங்கள்.

இந்தக் கார்த்திகையில்

மழை இன்னும் விடவில்லை. கள்ளித் தொட்டிகளை இன்றைக்கே கூரைக்கடியில் தள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் அழுகும் கள்ளிதான் அதிகம். ஆர்க்கிட்டை மழையில் விடலாம், ஆனால் தொட்டிக்கடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். தும்பையும் விஷ்ணுகிரந்தியும் இப்போது காலி மனைகளில் பூத்திருக்கும், கட்டடம் எழும்பப்போகிற மனையாக இருந்தால் விதை முற்றும் நேரத்தில் ஒரு கைப்பிடி எடுத்து வையுங்கள். காந்தள் காய் மார்கழியில் முற்றி வெடித்து ஆரஞ்சு விதை காட்டும். அதற்குள் ஒரு சிறு பலகையில் ‘கிழங்கு உள்ளே இருக்கிறது, நஞ்சு, ஆடி வரை தொடாதே’ என்று எழுதித் தொட்டியில் செருகிவிடுங்கள். வீட்டில் மாடி பெருக்க வருகிறவரிடமும் சொல்லி வையுங்கள்.